பவுடர் டாயில் நிஜமாகவே ஓடும் ஃப்ரிட்ஜைக் கட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: "தி பவுடர் டாய் விளையாட்டில் ஒரு பெட்டி கட்டி, சுற்றிலும் திரவ நைட்ரஜனை ஊற்றினேன். உள்ளே இருந்த தண்ணீர் உறைந்தது. கொஞ்ச நேரத்தில் நைட்ரஜன் காணாமல் போனது, பனிக்கட்டியும் உருகிவிட்டது. வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி கம்ப்ரசர், கண்டென்சர் எல்லாம் வைத்து, நிற்காமல் ஓடும் ஒன்றை இதில் கட்ட முடியுமா? ஒவ்வொரு முறையும் கையால் குளிர்விக்காமல் இருக்க வேண்டும்."

முடியும். பவுடர் டாய் என்பது தண்ணீர், உலோகம், வாயு எல்லாவற்றையும் சிறு துகள்களாக வைத்துத் திரையில் ஓட்டிக்காட்டும் கணினி விளையாட்டு. கட்டுவதற்கு முன் உங்கள் நைட்ரஜன் பெட்டியில் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். இந்த விளையாட்டில் திரவ நைட்ரஜன் சூடேறியதும் ஆவியாகி எங்கும் போவதில்லை, அப்படியே மறைந்துவிடுகிறது. அது தண்ணீரிடமிருந்து வாங்கிய வெப்பமும் அதனுடன் மறைகிறது. நீங்கள் செய்தது வெப்பத்தை அழித்தது. ஃப்ரிட்ஜ் அப்படிச் செய்வதில்லை. அது வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. தண்ணீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது போல, வெப்பமும் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். அதைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இறைக்கும் பம்புசெட்தான் ஃப்ரிட்ஜ். ஆகவே கட்டத் தொடங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி "எப்படிக் குளிரவைப்பது?" அல்ல, "எடுத்த வெப்பத்தை எங்கே கொட்டுவது?" என்பதுதான்.

வீட்டு ஃப்ரிட்ஜை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் பெரும்பாலானவற்றில் இருக்கும் கேஸ் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது சுமார் மைனஸ் 12 டிகிரியில் கொதிக்கும். கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்கிச் சூடாக்குகிறது. அந்தச் சூடு பின்பக்கத்திலோ பக்கத் தகட்டுக்குள்ளோ இருக்கும் கண்டென்சர் காயில் வழியாக அறைக்குள் போகிறது, ஆவி திரவமாகிறது. பிறகு அந்தத் திரவம் கேபிலரி என்ற மிக மெல்லிய குழாயில் நுழைந்து அழுத்தம் இழந்து, ஃப்ரீசர் காயிலுக்குள் கொதிக்கிறது. கொதிப்பதற்கான வெப்பத்தை உங்கள் பாலிடமிருந்தும் காய்கறியிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. இங்கே வேலையின் பெரும்பகுதியைச் செய்வது உள்ளுறை வெப்பம், அதாவது நிலை மாறுவதற்கு மட்டுமே செலவாகும் வெப்பம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பவுடர் டாயில் இல்லாதது இதுதான்.

பவுடர் டாயில் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. பக்கத்துத் துகள்களோடு அது தன் வெப்பநிலையைச் சராசரியாக்கிக்கொள்ளும். அந்தச் சராசரியில் இரும்பு, தண்ணீர், வாயு என்ற வேறுபாடு கிடையாது, எல்லாத் துகளுக்கும் ஒரே வெப்பக் கொள்ளளவுதான். பனிக்கட்டி உருகவோ தண்ணீர் கொதிக்கவோ தனியாக வெப்பம் தேவையில்லை. எல்லையைத் தாண்டியதும் பொருள் மாறிவிடும், அவ்வளவுதான். நிஜத்தில் 0 டிகிரியில் இருக்கும் 1 கிலோ தண்ணீரைப் பனிக்கட்டியாக்க 334 கிலோஜூல் எடுக்க வேண்டும். அதே தண்ணீரை 80 டிகிரியிலிருந்து 0 வரை இறக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். விளையாட்டில் இந்த இரண்டாவது பாதி மட்டும் உண்டு.

அப்படியென்றால் கேஸ் கொதித்துக் குளிரவைப்பது என்ற வழி இங்கே அடைபட்டுவிட்டதா என்று கேட்கலாம். அடைபட்டுவிட்டது. ஆனால் இந்த விளையாட்டைச் செய்தவர்கள் வேறொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வாயுக்கள் பட்டியலில் ஆர்.எஃப்.ஆர்.ஜி. என்று ஒரு பொருள் இருக்கும், அதுதான் குளிர்பதன வாயு. அழுத்தம் கொஞ்சம் கூடினாலே அது திரவமாகும், அழுத்தம் இறங்கினால் மறுபடி வாயுவாகும். முக்கியமான குணம் இன்னொன்று: அழுத்தம் மாறும்போது அதன் வெப்பநிலையும் அதே விகிதத்தில் மாறும். பவுடர் டாயின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது, கணக்கை அங்கேயே பார்க்கலாம். புதிய அழுத்தத்தோடு 257-ஐக் கூட்டி, பழைய அழுத்தத்தோடு 257-ஐக் கூட்டி வந்ததால் வகுத்து, வரும் எண்ணால் கெல்வின் வெப்பநிலையைப் பெருக்குகிறது. விளையாட்டில் அழுத்தம் மைனஸ் 256-லிருந்து 256 வரை போகும். மைனஸ் 256-ஐ வெற்றிடமாகவும், 0-ஐச் சாதாரணக் காற்றழுத்தமாகவும் எடுத்துக்கொண்டால் ஏன் 256-ஐக் கூட்ட வேண்டும் என்பது புரியும். கூடுதலான அந்த 1, பூஜ்யத்தால் வகுக்க நேராமல் இருப்பதற்கு.

இங்கே பலரும் ஒரு தவறு செய்வார்கள். திரையில் தெரியும் செல்சியஸ் எண்ணைப் பெருக்கிவிடுவார்கள். கூடாது. 273.15-ஐக் கூட்டிக் கெல்வினாக்கி, பெருக்கி, பிறகு கழிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கேஸ் 22 டிகிரியில், அழுத்தம் 0-வில் இருக்கிறது. அழுத்தத்தை 40-க்கு ஏற்றுகிறோம். 297-ஐ 257-ஆல் வகுத்தால் 1.1556. வெப்பநிலை 295.15 கெல்வினிலிருந்து 341.1-க்குப் போகும், அதாவது 68 டிகிரி செல்சியஸ். இப்போது அந்தச் சூட்டை வெளியே விட்டு 30 டிகிரிக்குக் கொண்டுவருகிறோம், அழுத்தம் 40-லேயே இருக்கட்டும். பிறகு அழுத்தத்தை 0-வுக்கு இறக்குகிறோம். 303.15-ஐ 1.1556-ஆல் வகுத்தால் 262.3 கெல்வின், கிட்டத்தட்ட மைனஸ் 10.8 டிகிரி. எங்கிருந்தும் குளிரை எடுத்து வரவில்லை. அமுக்கி, சூட்டைக் கொட்டி, தளர்த்தினோம். அவ்வளவிலேயே ஃப்ரீசர் குளிர் வந்துவிட்டது. அழுத்தத்தை 20 மட்டும் ஏற்றியிருந்தால் 8 டிகிரியோடு நின்றிருக்கும். 200 ஏற்றினால் மைனஸ் 100-க்கும் கீழே போகும், ஆனால் நடுவில் கேஸ் 250 டிகிரியைத் தொடும். அது ஃப்ரிட்ஜுக்குத் தேவையில்லாத வேலை. 40 போதும்.

இனி கட்டுமானம். உணவுப் பெட்டி மேலே, கேஸ் அறை அதன் கீழே, சூட்டைக் கொட்டும் இடம் எல்லாவற்றுக்கும் கீழே. இந்த வரிசை சும்மா வைத்ததல்ல. அழுத்தம் ஏறியதும் கேஸ் திரவமாகித் தரையில் தேங்கும், அதாவது சூடாக இருக்கும்போது அது தானாகவே கீழ்ப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அழுத்தம் இறங்கியதும் வாயுவாகி அறை முழுதும் பரவி மேல்கூரையைத் தொடும். புவியீர்ப்பு நமக்காகப் பாதி வால்வு வேலையைச் செய்துவிடுகிறது.

கேஸ் அறையின் பக்கச் சுவர்களுக்குச் சுவர்க் கருவியில் இருக்கும் சாதாரணச் சுவரைப் போடுங்கள். அது அழுத்தத்தை அடைக்கும். அது துகள் அல்ல என்பதால் வெப்பத்தைக் கடத்தாது. தரைக்கும் கூரைக்கும் மட்டும் டைட்டானியம், அதாவது டி.டி.ஏ.என். இது அழுத்தத்தை அடைக்கும், வெப்பத்தையும் கடத்தும். நமக்கு அந்த இரண்டு இடத்தில்தான் வெப்பம் போக வேண்டும். பக்கங்களிலும் டைட்டானியம் போட்டால் தரையின் சூடு சுவர் வழியாகவே கூரைக்கு ஏறி, எடுத்த குளிர் முழுவதும் வீணாகும். டைட்டானியக் கோடு மெல்லியதாக இருக்கட்டும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் சூடாகிக் குளிரும் சுமைதான், அதற்கும் கேஸ்தான் கூலி கொடுக்கிறது. இன்னொன்று, காற்றழுத்தத்தை விளையாட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிடுவதில்லை. 4-க்கு 4 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகத்தான் கணக்கிடுகிறது. டைட்டானியம் விழுந்த கட்டம் முழுதும் அடைபட்டுவிடும் என்று எடுத்துக்கொண்டு, அறையின் உயரத்தைத் தாராளமாக வையுங்கள். உள்ளே 40 புள்ளி அகலம், 12 புள்ளி உயரம் என்றால் 200 துகள் கேஸுக்குப் போதுமான இடம்.

டைட்டானியக் கூரைக்கு மேலேயும் தரைக்குக் கீழேயும் எச்.எஸ்.டபிள்யூ.சி. என்ற வெப்ப சுவிட்சை ஒரு அடுக்கு போடுங்கள். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. பி.எஸ்.சி.என். (பி வகை சிலிக்கான்) வழியாக மின்பொறி வந்தால் வெப்பத்தைக் கடத்தத் தொடங்கும், என்.எஸ்.சி.என். (என் வகை சிலிக்கான்) வழியாக வந்தால் நிறுத்திவிடும். நிஜ உலகில் இப்படி ஒரு பொருள் கிடைத்தால் குளிர்பதனத் துறையே தலைகீழாகிவிடும். காந்தத்தால் குளிரவைக்கும் ஆய்வுகளில் இன்றைக்கும் நல்ல வெப்ப சுவிட்சுக்காகப் போராடுகிறார்கள். இங்கே அது ஒரு சொடுக்கில் கிடைக்கிறது. மேல் சுவிட்சுக்கு மேலே உணவுப் பெட்டி, அதில் 400 துகள் தண்ணீர். கீழ் சுவிட்சுக்குக் கீழே ஒரு உலோகத் தகடு, அதுதான் கண்டென்சர்.

அழுத்தத்தைக் கொடுக்க பம்ப் என்ற பொருள் இருக்கிறது. தன் வெப்பநிலை எத்தனை டிகிரியோ, சுற்றியிருக்கும் அழுத்தத்தை அத்தனைக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. துகளின் பண்புகளை மாற்றும் பிராப் கருவியால் ஒரு பம்பின் வெப்பநிலையை 40 டிகிரி என்று வையுங்கள், இன்னொரு பம்பை 0 டிகிரி என்று வையுங்கள். இரண்டையும் கேஸ் அறைக்குள்ளேயே வைக்கலாம். பம்ப் வெப்பத்தைக் கடத்தாது, அதனால் அந்த எண் மாறாமல் இருக்கும். ஏன் இரண்டு என்றால், முதல் பம்பை அணைத்தால் மட்டும் அழுத்தம் இறங்கிவிடாது. அடைத்த அறைக்குள் அது மிக மெதுவாகத்தான் குறையும். இறக்குவதற்கும் ஒருவர் வேண்டும். பம்ப் ஒரே அடியில் அழுத்தத்தை மாற்றாது, ஒவ்வொரு ஃபிரேமிலும் இருக்கும் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் சரிசெய்யும். ஆகவே 40, 50 ஃபிரேம்கள் பொறுத்திருக்க வேண்டும்.

முதல் சுற்றைக் கையாலேயே ஓட்டுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எடுத்தவுடன் தானியங்கி சர்க்யூட் போட்டால், எங்கே தவறு என்று தெரியாமல் நாள் முழுதும் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்பேஸ் பட்டனால் நிறுத்தி, எஃப் பட்டனால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். 40 டிகிரி பம்பை ஓடவிடுங்கள். கேஸ் மீது சுட்டியை வைத்து 68-ஐ நெருங்கிவிட்டதா என்று பாருங்கள். கீழ் சுவிட்சைப் போடுங்கள். கேஸ் 30-க்கு இறங்கட்டும். கீழ் சுவிட்சை அணையுங்கள். முதல் பம்பை நிறுத்தி, 0 டிகிரி பம்பை ஓடவிடுங்கள். மைனஸ் 10 வரும். இப்போது மேல் சுவிட்சைப் போடுங்கள். தண்ணீர் குளிரத் தொடங்கும். சமநிலை வந்ததும் மேல் சுவிட்சை அணைத்து முதலிலிருந்து.

என்ன எதிர்பார்க்கலாம்? எல்லாத் துகளுக்கும் வெப்பக் கொள்ளளவு ஒன்றே என்பதால் கணக்கு எளிது. மைனஸ் 10.8-ல் 200 துகள், 22-ல் 400 துகள், சேர்த்தால் சராசரி 11 டிகிரி. ஒரே சுற்றில் தண்ணீர் 22-லிருந்து 11. அடுத்த சுற்றில் 3.8. மூன்றாவது சுற்றில் மைனஸ் 1, தண்ணீர் பனிக்கட்டியாகிவிடும். அதற்கு மேல் எத்தனை சுற்று ஓட்டினாலும் மைனஸ் 10.8-ஐத் தாண்டாது, அதை நெருங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் திரையில் எண்கள் இதைவிடக் கொஞ்சம் மோசமாக இருக்கும். டைட்டானியமும் சுவிட்சும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும், கேஸ் முழுதும் கூரையைத் தொட்டு முடிக்க நேரமாகும். 3 சுற்றுக்குப் பதில் 5, 6 ஆனால் கவலைப்பட வேண்டாம். 20 ஆகியும் உறையவில்லை என்றால் எங்கோ வெப்பம் திரும்பிக் கசிகிறது என்று பொருள்.

இந்தக் கணக்கில் ஒரு அழகு இருக்கிறது. இரண்டாவது சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 11 டிகிரியில் இருக்கும் கேஸை அமுக்கினால் 55 டிகிரி ஆகிறது, அதை 30-க்கு இறக்குகிறோம். கொட்டிய வெப்பம் 200 துகளுக்கு 25.3 டிகிரி வீதம் சுமார் 5,060. அதற்கு முன் தண்ணீரிடமிருந்து எடுத்தது 200-க்கு 21.9 வீதம் சுமார் 4,380. எடுத்ததைவிடக் கொட்டியது அதிகம். இடையில் இருக்கும் 680 பம்ப் செய்த வேலை. எடுத்ததை வேலையால் வகுத்தால் 6.4 வரும். 30 டிகிரிக்கும் மைனஸ் 10.8 டிகிரிக்கும் இடையே இயங்கும் எந்த இயந்திரமும் தாண்ட முடியாத கார்னோ எல்லையும் அதே 6.4 தான். ஒரு விளையாட்டு வரியிலேயே எழுதி முடித்த சூத்திரம், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை மதிக்கிறது. முதன்முதலில் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம், இது எந்த ஃப்ரிட்ஜ் தெரியுமா? உங்கள் சமையலறையில் இருப்பது அல்ல. கேஸ் திரவமாகிறது, வாயுவாகிறது என்றாலும் அந்த மாற்றத்தால் இங்கே குளிர் வரவில்லை, அமுக்கித் தளர்த்துவதால் மட்டுமே வருகிறது. இது காற்றுச் சுழற்சிக் குளிர்பதனம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் அபலாச்சிகோலா என்ற ஊரில் ஜான் கோரி என்ற மருத்துவர் இருந்தார். காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வழி தேடி, காற்றை அமுக்கி, தண்ணீரால் அதன் சூட்டை எடுத்து, பிறகு விரியவிட்டுப் பனிக்கட்டி செய்யும் இயந்திரத்துக்கு 1851-ல் காப்புரிமை வாங்கினார். நீங்கள் பவுடர் டாயில் கட்டப்போவது வரிசை மாறாமல் அதே மூன்று படிகள்தான். 1882-ல் டனிடின் என்ற கப்பல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு உறைந்த இறைச்சியைக் கொண்டுபோனதும் இதே தத்துவத்தில் ஓடிய பெல்-கோல்மன் இயந்திரத்தின் துணையோடுதான். இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் உங்கள் தலைக்கு மேல் வரும் குளிர்காற்று பெரும்பாலும் இப்படித்தான் தயாராகிறது. நிஜக் காற்றில் வெப்பநிலை அழுத்தத்துக்கு நேர்விகிதமாக ஏறாது, அதைவிட மெதுவாகவே ஏறும் என்பது ஒரு வேறுபாடு.

கண்டென்சருக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலானோரின் ஃப்ரிட்ஜ் செத்துப்போகிறது. சுற்றுப்புற வெப்பம் என்ற அமைப்பு விளையாட்டில் இயல்பாக அணைந்திருக்கும். அப்படியிருக்கையில் வெற்றிடத்தில் நிற்கும் உலோகத் தகடு எத்தனை மணி நேரம் ஆனாலும் ஒரு டிகிரிகூடக் குறையாது. காற்று வந்து அதைத் தொட்டுச் சூட்டை வாங்கிப் போகும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. 600 துகள் தகடு என்றால் முதல் சுற்றிலேயே 11, 12 டிகிரி ஏறி, ஒவ்வொரு சுற்றிலும் மேலும் ஏறிக்கொண்டே போய், சீக்கிரமே கேஸுக்குச் சூட்டைக் கொட்ட இடமில்லாமல் போகும். தீர்வு ஓடும் தண்ணீர். தண்ணீரைப் பிரதி எடுக்கும் குளோன் துகள்களைத் தகட்டுக்கு ஒரு பக்கம் மேலே வைத்து, தகட்டைச் சாய்வாக்கி, அதன் மேல் வழிந்து திரையின் அடியில் வெளியேற விடுங்கள். வெளியே போகும் தண்ணீர் சூட்டோடு போய்விடும். பெரிய கட்டடங்களில் மொட்டை மாடியில் கூலிங் டவர் வைத்துத் தண்ணீரால் கண்டென்சரைக் குளிர்விப்பார்களே, அதேதான். திரைக்கு வெளியே வெப்பத்தைத் தள்ளுவது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். என் கருத்து வேறு. வீட்டு ஃப்ரிட்ஜும் சூட்டைத் தன் எல்லைக்கு வெளியேதான் தள்ளுகிறது.

வெப்பக் காப்பு பற்றிக் கொஞ்சம். சுற்றுப்புற வெப்பம் அணைந்திருந்தால், பெட்டியைச் சுற்றி ஒரு புள்ளி இடைவெளி விட்டாலே அது முழுமையான காப்பு. அதில் பரீட்சை எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜ் முதலில் ஓடத் தொடங்கிய பிறகு அந்த அமைப்பைப் போட்டுவிட்டு, பெட்டியைச் சுற்றி இன்சுலேட்டர் வைத்துப் பாருங்கள். இன்சுலேட்டர் தீப்பிடிக்கும் பொருள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். காப்பின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் இயந்திரங்களுக்கு முந்தைய காலத்தைப் பார்க்க வேண்டும். 1833-ல் பாஸ்டனிலிருந்து ஃப்ரெடெரிக் டியூடர் கல்கத்தாவுக்கு அனுப்பிய 180 டன் ஏரிப் பனிக்கட்டியில், நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. அவருடைய பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையில் நாம் ஐஸ் ஹவுஸ் என்று இன்னும் சொல்லும் கட்டடம், இப்போது விவேகானந்தர் இல்லம். அந்த வியாபாரத்தில் கம்ப்ரசர் என்ற ஒன்றே கிடையாது. மரத்தூளும் நெருக்கமாக அடுக்கியதும் மட்டுமே.

கையால் ஓட்டியது சரியாக வந்தபின் தானியங்கியாக்கலாம். டிலே என்ற பொருள் இதற்கு உதவும். அதன் வெப்பநிலை எத்தனை டிகிரியோ, மின்பொறியை அத்தனை ஃபிரேம் தாமதித்து அனுப்பும். 60 டிகிரி என்றால் 60 ஃபிரேம், வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் ஒரு வினாடி. பம்ப் ஓடிய பிறகு சுவிட்ச் போடுவதற்கு 60, சுவிட்ச் திறந்திருப்பதற்கு 300 என்று தொடங்கிப் பிறகு திருத்துங்கள். பம்பையும் சுவிட்சையும் ஒரே நேரத்தில் போட்டால், அழுத்தம் ஏறி முடிவதற்குள் வெப்பம் எதிர்த்திசையில் ஓடும். சுற்று நடக்கும், கூலிங் வராது. தெர்மோஸ்டாட்டுக்கு டி.எஸ்.என்.எஸ். என்ற வெப்பநிலை உணரி. அதை 4 டிகிரிக்கு வைத்தால், பக்கத்தில் அதைவிடச் சூடான துகள் இருக்கும்வரை மின்பொறி கொடுக்கும். அந்தப் பொறியால் முழுச் சுற்றையும் தொடங்கிவையுங்கள். தண்ணீர் 4-க்குக் கீழே போனதும் பொறி நிற்கும், ஃப்ரிட்ஜ் ஓய்வெடுக்கும்.

மின்பொறி ஓடும் உலோகம் இந்த விளையாட்டில் சூடாகிக்கொண்டே போகும் என்பதையும் கவனியுங்கள். ஓயாமல் பொறி பாய்ந்தால் நூற்றுக்கணக்கான டிகிரி ஏறிவிடும். ஆகவே கம்பிகளை உணவுப் பெட்டியை ஒட்டிக் கொண்டுபோக வேண்டாம். குளிராத ஃப்ரிட்ஜுக்கு இது அடிக்கடி காரணமாக இருக்கும், ஆனால் கடைசியில்தான் கண்ணில் படும்.

கேஸ் சுற்றிச் சுற்றி ஓடும் அசல் வளையத்தைக் கட்டலாமா என்றும் கேட்பீர்கள். முதல் முயற்சிக்கு வேண்டாம் என்பதே என் பதில். இங்கே பம்ப் கேஸை ஒரு திசையில் தள்ளும் கம்ப்ரசர் அல்ல, தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் அழுத்தத்தை மாற்றும். கேஸ் இரண்டு பக்கமும் ஓடும். ஒரு திசையில் அனுப்ப பைப் இருக்கிறது, ஆனால் பைப் வெப்பத்தைக் கடத்தாது. ஆகவே கண்டென்சர் காயிலாக அதைப் பயன்படுத்த முடியாது. இரு முனையிலும் கேஸை வெளியே விட்டு, வெப்பம் மாற்றி, மறுபடி உள்ளே வாங்க வேண்டும். முடியாதது அல்ல. ஆனால் ஒரே அறை ஃப்ரிட்ஜை ஓட்டிப் பழகிய கை வேண்டும்.

வேறு விளையாட்டில் செய்யலாமா என்றால், அல்கோடூவில் வெப்பநிலையே இல்லை. பிஸ்டன் அசைவதைக் காட்டலாம், அதோடு சரி. ஆக்சிஜன் நாட் இன்க்ளூடடில் அக்வாட்யூனர் என்ற ஆயத்தக் கருவி உண்டு. வினாடிக்கு 10 கிலோ திரவத்தை 14 டிகிரி குளிரவைத்து, அந்த வெப்பத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். அங்கே பொருளுக்குப் பொருள் வெப்பக் கொள்ளளவு வேறு என்பது நல்ல விஷயம். ஆனால் 1,200 வாட்டில் அது தண்ணீரிலிருந்து எடுப்பது வினாடிக்கு சுமார் 5,85,000 வெப்ப அலகு. அந்த அலகை ஜூல் என்று எடுத்துக்கொண்டால், செலவழித்ததைப் போல ஏறக்குறைய 490 மடங்கு வெப்பம் நகர்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜில் அது ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில். "சூட்டை எங்கே கொட்டுவது?" என்ற கேள்வியை அந்த விளையாட்டு மிக நன்றாகக் கற்றுக்கொடுக்கும், "அதற்கு என்ன செலவாகும்?" என்பதைக் கற்றுக்கொடுக்காது.

உங்கள் ஃப்ரிட்ஜ் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய ஒரு சோதனை சொல்கிறேன். கண்டென்சர் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். 600 துகள் உலோகத் தகடு, 200 துகள் கேஸ், 400 துகள் தண்ணீர், எல்லாம் 22 டிகிரி. ஒரே ஒரு சுற்று ஓட்டுங்கள். கேஸ் 68-க்கு ஏறி, தகட்டோடு சேர்ந்து 33.5-ல் நிற்கும். தளர்த்தினால் மைனஸ் 7.8. தண்ணீரோடு சேர்ந்தால் 12 டிகிரி. தண்ணீர் 10 டிகிரி குளிர்ந்துவிட்டது. இப்போது 1,200 துகள்களின் சராசரியைப் போட்டுப் பாருங்கள், 22.8 வரும். மூடிய அறையில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிராமல் சூடாகுமே, அந்த 0.8 டிகிரி அதுதான். உங்கள் திரையில் சராசரி 22-க்கு மேலே வந்தால் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. 22-க்குக் கீழே வந்தால் எங்கோ வெப்பம் மறைகிறது, திரும்பிப் போய் அந்த ஓட்டையைத் தேடுங்கள்.